ஏலக்காய் மரம்

என் தங்கை ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. போடியில் இருந்து போடிமெட்டுக்கு ஏறுகிற சாலையில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது அவளுடைய பள்ளிக்கூடம். மதுரையில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் செய்தி திருத்திக்கொண்டிருந்த நான் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிய வருடம், மே மாதக் கடைசியில், அவளுடைய வகுப்பறையைத் தயார் செய்யக் கூட மாட உதவிக்குப் போனேன். அந்த அறையைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். கோபம் ஆறட்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். ஆறவில்லை.

அந்தப் பள்ளியில் மணி அடிப்பது ஒன்பது மணிக்கு மேல். பிள்ளைகள் வருவதோ ஜீப்பு நேரத்துக்கு. பக்கத்துக் காலனிப் பெண்கள் மலைக்கு மேலே, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். வெளிச்சம் முழுதாக வருவதற்கு முன்பே ஜீப்பு காலனியில் அவர்களை ஏற்றிக்கொண்டு வந்து பள்ளி வாசலில் நிற்கும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத பிள்ளைகளை அம்மாக்கள் அங்கேயே வராந்தாவில் உட்கார வைத்துவிட்டுத் திரும்ப ஏறிவிடுவார்கள். மணி அடிக்கிற வரைக்கும் அந்தப் பிள்ளைகள் சுவரில் சாய்ந்து தூங்கும், அல்லது சாலையில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். பல வருடமாக இதுதான் வழக்கம். பள்ளிக்கூடம் இதைத் தன்னுடைய பிரச்சினையாக எடுத்துக்கொண்டதே இல்லை.

தங்கை அந்த வருடம் எடுத்துக்கொண்டாள். முதல் பஸ்ஸில் வந்து அறையைத் திறந்துவிடப்போவதாகச் சொன்னாள். மணி அடிக்கும் வரை அந்த அறை ஜீப்பு நேரத்துப் பிள்ளைகளுடையது. அதற்குத் தகுந்த மாதிரி அறையை அமைக்க வேண்டும்.

நாங்கள் இருவரும் ஒரு வாரம் வேலை பார்த்தோம். ஒட்டடை அடித்தோம். தரையைக் கழுவினோம். ஜன்னல் கம்பிகளுக்கு இடையே நைலான் கயிறு கட்டித் துணிக் கிளிப்பு மாட்டினோம், பிள்ளைகள் வரைகிற தாளைத் தொங்கவிட. பழைய காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டு எழுத்து அட்டை செய்தோம். ஒரு மூலையில் கோரைப்பாய், இரண்டு தலையணை. தூக்கம் கலையாமல் வருகிற பிள்ளைக்கு அது வேண்டும் என்றாள். எதை மாட்டும்போதும் அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்ப்பாள். நான் நின்றபடி ஒட்டிய அட்டைகளை எல்லாம் பிய்த்துக் கீழே இறக்கச் சொன்னாள். "அக்கா, அதிகாரி வந்து நின்னு பாக்குற ஒசரத்துல ஒட்டிருக்க. எம் பிள்ளைக தரையில ஒக்காந்திருக்கும்" என்றாள்.

பை மாட்டச் சுவரில் ஆணிகள் அடித்தோம். எழுத்து தெரியாத பிள்ளைக்குத் தன் ஆணி எது என்று தெரிய ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம் ஒட்டினோம். கோழி, குடை, பூசணிக்காய், ஜீப்பு. பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

பள்ளி திறந்த அன்று ஜீப்பை எடுத்தது ஒரு சிறுமி. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, பெரிய அக்காளுடைய சட்டையோ என்னவோ, முழங்காலுக்குக் கீழே தொங்குகிற சீருடை. போன வருடமும் இவளைச் சேர்த்திருந்தார்கள். வராந்தாவில் நிற்காமல் அழுதுகொண்டு ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடிய பிள்ளை. அம்மா அவளை இறக்கிவிட்டு, இடுப்பில் கைக்குழந்தையோடு, தங்கையிடம் சுருக்கமாகப் பேசினாள். "நிக்கிறாளான்னு பாருங்க டீச்சர். இந்த வருசமும் நிக்கலைன்னா மேல கூட்டிட்டுப் போயிருவேன். அங்க இவ தம்பியப் பாத்துக்கிட்டா எனக்குச் சோலி ஓடும்." ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அவள் ஏறிவிட்டாள்.

சிறுமி அழவில்லை. ஜீப்பு ஆணியில் பையை மாட்டினாள், எடுத்தாள், திரும்ப மாட்டினாள். அன்று காலை முழுக்க அவளுக்கு அதுதான் வேலை.

இதற்கிடையே தலைமையாசிரியர் வேறொரு ஏற்பாடு செய்திருந்தார். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற ஒரு முதலாளி, அறையை 'மாதிரி வகுப்பறை' ஆக்கிக் கொடுக்க ஒத்துக்கொண்டார். பெயிண்டர் வந்தார். எங்கள் கயிறு, கிளிப்பு, அட்டை எல்லாம் ஒரே மதியத்தில் மூலைக்குப் போயின. ஜன்னல் பக்கத்து ஆணிகளும் பாயும் மட்டும் தப்பின. மூன்று சுவரிலும் படங்கள் ஏறின. ஒட்டகச்சிவிங்கி, ரயில், பனிக்கட்டி வீடு, டால்பின். இவற்றுக்கு நடுவே, அகர வரிசை எழுத்துகளைவிடப் பெரியதாக, 'உபயம்' என்ற சொல்லும் முதலாளியின் பெயரும். அந்த அறையில் படிக்கிற பிள்ளை 'அம்மா'வுக்கு முன்னால் 'உபயம்' வாசிக்கக் கற்றுக்கொள்ளும்.

'ஏ' என்ற எழுத்துக்கு ஏணிதான் போடுவதாக இருந்தது. முதலாளி மனம் குளிரட்டும் என்று தலைமையாசிரியர் அதை ஏலக்காய் ஆக்கினார். பெயிண்டர் சமவெளி ஊர்க்காரர். ஏலக்காயைக் கடையில்தான் பார்த்திருக்கிறார். தலைமையாசிரியர் நாலு காயைக் கையில் கொடுத்தார். அதைப் பார்த்து அவர் தடித்த அடிமரமும் பரந்த கிளைகளுமாக ஒரு மரம் வரைந்து, கிளை கிளையாகப் பச்சை ஏலக்காயைத் தொங்கவிட்டார்.

எங்கள் ஊரில் இதைப் பார்த்து யாரும் ஏமாற மாட்டார்கள். ஏலம் செடி. அதன் தூரில் இருந்து கிளம்புகிற சரம் தரையில் படர்ந்து கிடக்கும். காய் அதில்தான். நாள் முழுக்கக் குனிந்தே கிடந்து எடுக்க வேண்டும் என்பதால்தான் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் நடுவயதிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். தலைமையாசிரியர் போடியிலேயே பிறந்து வளர்ந்தவர். தங்கை போய்ச் சொன்னாள். அவர் சிரித்தார். "நமக்குத் தெரியும் டீச்சர். பாக்க வர்றவகளுக்கு மரமா இருந்தாத்தேன் எடுப்பா இருக்கும்" என்றார். மற்ற ஆசிரியர்களும் பார்த்தார்கள். அழகாக இருக்கிறது என்று சொன்னார்கள். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். அறியாமையை என்னால் மன்னிக்க முடியும்.

பெயிண்ட் காய்ந்து பிள்ளைகள் திரும்பவும் உள்ளே உட்கார்ந்த முதல் காலை. தங்கை கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், சிறுமி ஒரு பச்சைக் கிரயானை எடுத்து, அந்த மரத்தின் அடியில், தரையை ஒட்டி, இரண்டு கோடு இழுத்து அதில் குண்டு குண்டாகக் காய்களை வரைந்துவிட்டாள். நன்றாகத்தான் வரைந்திருந்தாள். ஒன்பது மணிக்கு வந்த தலைமையாசிரியர் யார் என்று கேட்டார். ஒளிக்கத் தெரியாத வயது.

"நாந்தேன் சார். காய் கீழதேன் இருக்கும். அவுக மறந்துட்டாக."

அவர் அடிக்கவில்லை. சத்தம் போடவும் இல்லை. பிள்ளைகளை வெளியே அனுப்பச் சொன்னார். திறப்பு விழா முடிகிற வரை ஒன்றாம் வகுப்பு வராந்தாவில் நடக்கட்டும் என்றார். கதவில் புதிதாக ஒரு கொண்டியைத் திருகி, புதுப் பூட்டைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சிறுமி வரைந்த இடத்தில் வெள்ளை அடித்தார்கள். மரத்தின் தூரில் ஒரு வெள்ளைத் திட்டு நின்றது.

முதலாளிக்கு நேரம் ஒழியவில்லை. விழா இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனது. ஜூன் மாதம் எங்கள் பக்கம் மழை பெய்வது குறைவு. மழை மலைக்கு அந்தப் பக்கம் பெய்யும். கணவாய் வழியாக வருகிற காற்று அதை அள்ளிக்கொண்டு வந்து இங்கே தெளிக்கும். வராந்தாவில் சாரல் அடிக்காத இடம் பின்சுவரை ஒட்டிய ஒரு முழம்தான். பிள்ளைகள் அதில் வரிசையாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தன. பாயும் தலையணையும் உள்ளே. பைகள் மாட்டும் ஆணிகள் உள்ளே. நனையாமல் பாதுகாக்கப்பட்டது ஒட்டகச்சிவிங்கி.

தங்கை தினமும் சாவி கேட்டாள். தினமும் அதே பதில்தான். ஒருநாள் நானும் கூடப் போனேன். தலைமையாசிரியருக்கு என்னைப் பார்த்ததில் சந்தோஷம். விழாச் செய்தியைப் பேப்பரில் வரவைக்க முடியுமா என்று கேட்டார். பிள்ளைகள் வெளியே நனைவதையும் சேர்த்து எழுதலாமா என்று நான் கேட்டேன். நான் வேடிக்கையாகப் பேசுவதாக நினைத்துச் சிரித்தார்.

அந்த வாரம்தான் ஒருநாள் ஜீப்பில் இருந்து அம்மா இறங்கினாள், சிறுமி இறங்கவில்லை. முந்தின நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். அம்மா வாசலில் இருந்தபடியே பூட்டிய கதவைப் பார்த்தாள்.

"வெளியில நனையுறதுக்கு எங்கூட வந்து காட்டுல நனையட்டும் டீச்சர். அங்கயாச்சும் தம்பியப் பாத்துக்கிடுவா."

ஜீப்புக்குள் சிறுமி எங்களைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் விழாவுக்கு நாள் குறித்தார்கள். முதலாளி வகுப்புக்கு வண்ண நாற்காலிகள் அனுப்பியிருந்தார், பிள்ளைக்கு ஒன்று என்று கணக்காக. அப்போதுதான் தலைமையாசிரியருக்கு அந்தச் சிறுமி நினைவு வந்தது. ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தால் போட்டோவில் அசிங்கமாக இருக்கும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். தங்கை கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க சார். கூட்டிட்டு வர்றேன்." கொடுத்தார். எத்தனை நாளைக்கு என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஜீப்பு நிற்கிற நேரத்தில் எதுவும் பேச முடியாது என்பதால் சனிக்கிழமை நாங்களே வேறொரு தொழிலாளர் ஜீப்பில் ஏறி மேலே போனோம். போடிமெட்டைத் தாண்டி, சாலையில் இருந்து சரிவில் இறங்கினால் தோட்டம். தலைக்கு மேலே ஏலச்செடி, காலுக்குக் கீழே ஈரம். பெண்கள் குத்தவைத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் முதுகுகள் மட்டும் தெரிந்தன. இரண்டு மரத்துக்கு இடையே சேலையில் தூளி கட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டிருந்தார்கள். சிறுமி அதை ஆட்டிக்கொண்டிருந்தாள். சீருடையைத்தான் போட்டிருந்தாள். கால்களைச் சுற்றி அட்டைப்பூச்சிக்குப் பயந்து துணி கட்டியிருந்தார்கள்.

அம்மா எழுந்திருக்கவில்லை. கங்காணி பார்த்துக்கொண்டிருந்தார். கை வேலையை நிறுத்தாமலே கேட்டாள்.

"உள்ள ஒக்கார வைப்பியளா?"

"சாவி எங்கிட்ட இருக்கு" என்றாள் தங்கை.

"இது போட்டோவுக்கா, படிக்கவா?"

காலனியில் எல்லாச் செய்தியும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தங்கை கொஞ்சம் தாமதித்துத்தான், படிக்க என்று சொன்னாள்.

"சரி. இவன முதுகுல கட்டிக்கிடுறேன். ஆனா பெறகு பூட்டுனா ஒங்ககிட்ட வந்து கேக்க மாட்டேன் டீச்சர். இவ இங்ஙனதேன் இருப்பா."

திங்கள்கிழமை சிறுமி வந்தாள். ஆணியில் பையை மாட்டினாள். வியாழக்கிழமை விழா. வாசலில் ரிப்பன் கட்டி, நாலு நாளாகத் திறந்தே கிடந்த அறையை முதலாளி திறந்து வைத்தார். ஏலக்காய் வியாபாரம் அவருக்கு அப்பா காலத்துத் தொழில். சுவரில் இருந்த மரத்தை ஒரு நிமிடம் பார்த்தார். நம்ம தொழிலையும் வரைஞ்சிருக்கீங்களே என்றார். அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார். வெள்ளைத் திட்டை அவருடைய வேட்டி மறைத்தது. மறுநாள் பேப்பரில் படம் வந்தது. ரிப்பன், கத்திரி, பொன்னாடை, தலைமையாசிரியரின் பல். சிறுமி இருக்க வேண்டிய இடத்தில் சடையில் கட்டிய சிவப்பு நாடாவின் ஒரு நுனி தெரிந்தது. அதை நான் பூதக்கண்ணாடி வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

அந்தப் படம் வந்த அன்று சாயங்காலம் தலைமையாசிரியர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மேலிடத்தில் இருந்து அறையைப் பார்க்க வரப்போகிறார்களாம். அதுவரைக்கும் சுத்தமாக இருக்கட்டும் என்று பூட்டிவிட்டார்.

தங்கை வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "அக்கா, நம்ம வீட்ல திருப்புளி எங்க கெடக்கு?" என்று கேட்டாள்.

அடுத்த வேலை நாள் முதல் பஸ்ஸில் இருவரும் போனோம். நான் செல்போன் வெளிச்சம் பிடித்தேன். அவள் கொண்டியின் திருகாணிகளைக் கழற்றினாள். மற்றவை சுலபமாக வந்தன. ஒன்று அசையவில்லை. திருப்புளியை இடுக்கில் கொடுத்து நெம்பினாள். கதவில் இருந்து ஒரு சிராய் மரத்தோடு கொண்டி கையில் வந்தது. பூட்டு அதில் பூட்டியபடியே தொங்கியது. அறையில் விளக்கைப் போட்டோம். பாயை விரித்தோம்.

ஜீப்பு வந்து நின்றது. அம்மா இறங்கவில்லை. உள்ளே இருந்தபடி கதவைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், தங்கையின் கையில் இருந்த கொண்டியைப் பார்த்தாள். பிறகு பிள்ளையை இறக்கிவிட்டாள்.

ஒன்பது மணிக்குத் தலைமையாசிரியர் வந்து, பூட்டை உடைத்தது யார் என்று கேட்டார். பூட்டை யாரும் உடைக்கவில்லை சார், பூட்டினபடியேதான் இருக்கு என்றாள் தங்கை. விளக்கம் கேட்டு மெமோ கொடுக்கப்போவதாக மிரட்டினார். கொடுக்கவில்லை. கொடுத்தால், ஒன்றாம் வகுப்பை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளே நுழைய முடியாமல் ஏன் பூட்டினார் என்பதை அவர் கையாலேயே எழுத வேண்டியிருக்கும். அது அவருக்குப் புரிந்துவிட்டது.

சிறுமி இப்போது மூன்றாம் வகுப்பு. மரம் இன்னும் சுவரில் இருக்கிறது. அதன் தூரில் இருந்த வெள்ளைத் திட்டில் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை காய் வரைந்துவிடுகிறது, தங்கை துடைப்பதில்லை. கொண்டியும் பூட்டும் எங்கள் வீட்டு மேசை இழுப்பறையில், கத்திரிக்கோலுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. சாவி தலைமையாசிரியரிடம்தான் இருக்கிறது. பூட்டைக் கேட்டு வந்தால் கொடுப்பதாக இல்லை.