மாயை பாடிய இன்னொருத்தி

அந்தப் பாட்டை எழுதியவள் நான். முதலில் பாடியவளும் நான்தான். ஆனால் எண்பதுகளில் மலேசியாவின் பேராக்கில் அதை மேடையில் கேட்ட யாரைக் கேட்டாலும் வேறொருத்தியைத்தான் சொல்வார்கள்.

நாங்கள் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். அப்பா லோரி ஓட்டப் போனார். நான் தையல் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்தேன். அண்ணன் பகலில் ரொட்டி வேன் ஓட்டுவான், சாயங்காலம் கித்தார் வாசிப்பான். அவனும் கூட்டாளிகளும் சேர்ந்து ஹெவி மெட்டல் குழு ஒன்று வைத்திருந்தார்கள். டிரம்ஸ் அடித்தவன் டயர் கடை முதலாளியான சீனத் தவுக்கேயின் மகன். அந்தக் கடை மாடியில்தான் ஒத்திகை. கீழே சக்கரத்தைச் சுத்தியலால் அடிக்கிற சத்தத்தில் இவர்கள் சத்தம் யாருக்கும் பெரிதாகத் தெரியாது.

ஒருநாள் அண்ணன் சொன்னான், "வெள்ளக்காரன் பேயி பிசாசுன்னு பாடுறான். நமக்குச் சூரன் இருக்கான்லா. ஒரு கேசட்டு முழுக்க சூரன் கதைதான்."

எனக்குத் தோட்டத்துக் கோயில் ஞாபகம் வந்தது. கந்தசஷ்டியில் சூரனின் அட்டைத் தலை ஒவ்வொன்றாக உருளும்போது நாங்கள் கைதட்டிக் கூத்தாடுவோம். அவனுக்கும் ஒரு அம்மா இருந்தாளே, மாயை, அவள் எங்கே நின்று பார்த்திருப்பாள்? தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே யோசித்தேன். மகன் போருக்குக் கிளம்பும்போது அவள் பாடுவதாக எழுதினேன்:

போகாதே என்று சொல்லமாட்டேன்,
போய்வா என்றும் சொல்லமாட்டேன்.

அண்ணன் படித்துவிட்டு, "நீயே பாடிரு" என்றான்.

பதிவு செய்த இடம் ஒரு கேசட் கடையின் பின்னறை. கடைக்காரர் வழக்கமாகப் பக்திப் பாடல்கள்தான் பதிவு செய்வார். கித்தார் உறுமத் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு, "சூரசம்ஹாரம்னு சொன்னீங்களேன்னு ஒத்துக்கிட்டேன். என்னப்பா இது?" என்றார். என் பாட்டு முடிந்தபோது மட்டும் கையை எடுத்திருந்தார். நான் அடிவயிற்றிலிருந்து கத்திப் பாடியிருந்தேன். தொண்டை ஒரு வாரம் கட்டிக்கொண்டது.

கேசட் தீபாவளிக் கடைகளில் நன்றாக ஓடியது. தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். நான் கறுப்புத் துணி எடுத்து எனக்கொரு உடுப்பு தைக்க ஆரம்பித்தேன். அப்பா பார்த்துவிட்டார்.

"கேசட்டுல பாடு, யாரும் மூஞ்சப் பாக்க முடியாது. மேடையெல்லாம் வேணாம்லா."

அம்மா வாயைத் திறக்கவில்லை. அண்ணனும் திறக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அவன் வேறொரு பெண்ணைக் கண்டுபிடித்தான். கல்யாண விருந்துகளில் சினிமாப் பாட்டுப் பாடுபவள், என்னைவிடச் சின்னவள். பாதி தைத்த கறுப்பு உடுப்பை அவள் அளவுக்கு முடித்துத் தரச் சொன்னான். தைத்துக் கொடுத்தேன். இடுப்பைப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. அவளுக்கு என்னைவிடச் சின்ன இடுப்பு.

முதல் நிகழ்ச்சி கடற்படை முகாம் இருக்கும் லூமுட்டில். அண்ணன் திரும்பி வந்து சாப்பிடக்கூட உட்காரவில்லை. "அவ பாடுனா பாரு, நேவிக்காரனுங்க எல்லாம் எந்திரிச்சு நின்னுட்டானுங்க!"

"என் பாட்டுக்கா?" என்றேன்.

"ஆமாலா, அந்தப் பாட்டுக்குத்தான்."

'அந்தப் பாட்டு' என்றான். உன் பாட்டு என்று சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு அவனுக்குச் சோறு போட நான் எழுந்திருக்கவில்லை.

மீன்பிடி ஊரான ஹுத்தான் மெலிந்தாங்கில் சின்னம்மா வீடு இருந்தது. அங்கே நிகழ்ச்சி என்று தெரிந்ததும் சின்னம்மாவைப் பார்க்கப் போகலாம் என்று அம்மாவை நச்சரித்துக் கிளப்பினேன். பள்ளிக்கூட மண்டபம், பிற்பகல் வெயில், கருவாட்டு வாசம். கடைசி வரிசையில் நின்றுகொண்டேன். அவள் தப்பாகப் பாடவேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

அவள் கத்தவில்லை. கித்தார், டிரம்ஸ் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, 'போய்வா என்றும் சொல்லமாட்டேன்' என்பதைப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலச் சொன்னாள். மண்டபமே அடங்கிப்போனது. என் பக்கத்தில் நின்ற மீன்காரர் கண்ணைத் துடைத்தார். நான் எழுதியபோது அந்த வரிக்குள் அவ்வளவு இருந்தது எனக்கே தெரியாது. அதைக் கண்டுபிடித்தது இவளா என்று வயிறு எரிந்தது.

முடிந்ததும் அவளே என்னைத் தேடி வந்தாள்.

"அக்கா, நீங்கதானே கேசட்டுல பாடுனது?"

"ஆமா."

"போற எடமெல்லாம் கேக்குறாங்க, கேசட்டுல இருக்குற மாதிரி ஏன் பாடலன்னு. அந்த மாதிரிக் கத்த எனக்குத் தொண்ட இல்லக்கா. அதான் மெதுவாப் பாடுறேன். ஒங்க மேல எனக்கு எவ்வளவு பொறாம தெரியுமா?"

அவள் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னாள். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. "உடுப்பு நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு கேசட் கடைக்காரர் அடுத்த பதிப்பில் அந்தப் பாட்டை அவள் குரலில் போடலாம் என்றார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவள் மறுத்துவிட்டாள். "அது அக்கா பாட்டு" என்றாளாம். நான் நிம்மதியடைந்திருக்க வேண்டும். அவள் இடத்தில் நான் இருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டேன் என்று தெரிந்தது. பெருந்தன்மையிலும் அவளே முந்திக்கொண்டாள் என்றுதான் எரிச்சல் வந்தது.

கடைசியில் வழி விட்டவர் அப்பாதான். லோரிக் கொட்டகையில் யாரோ அவரிடம் அந்தப் பெண்ணைப் பற்றிப் புகழ்ந்து தள்ளியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல், "எம் மக எழுதுன பாட்டுக்கு எவளோ பேரு வாங்குறா! அடுத்த ஷோவுல நீ பாடு" என்றார். எனக்கு இந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று அன்றைக்குப் புரிந்தது.

சிம்பாங் பூலாயில் நான் பாடினேன். அப்பா முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். நன்றாகத்தான் பாடினேன், கேசட்டில் பாடியதைவிட நன்றாக. கைதட்டினார்கள். கீழே இறங்கியதும் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் என் கையைப் பிடித்தாள்.

"நல்லா பாடுனீங்க தங்கச்சி. அந்தப் பொண்ணு வரலையா?"

அவள் வந்திருந்தாள், என் பாட்டைக் கேட்க. கூட்டத்தில் நின்றவளைக் கைகாட்டினேன். அந்தப் பெண் குழந்தையோடு அங்கே ஓடினாள்.

திரும்பும்போது வேனில் அப்பா அண்ணனிடம், "இனிமே அவளக் கூட்டிட்டு வராதடா" என்றார். டிரம்ஸ்காரன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன்.

அடுத்த வருடம் டிரம்ஸ்காரன் ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போனான், குழு கலைந்தது. அவள் பினாங்கில் ஒரு ஹோட்டலில் பாடப் போனாள். பிறகு கல்யாணத்துக்கு அழைத்திருந்தாள், போனேன். மணமேடையிலிருந்தே என்னைப் பார்த்துக் கையசைத்தாள். பட்டுச்சேலையில் அவ்வளவு அழகாக இருந்தாள். அதற்கும் பொறாமைப்பட்டேன்.