விசாலம் சேமித்தாள், அவர்கள் அழித்தார்கள்

விசாலம் போய்விட்டாள் என்ற செய்தி எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. போட்டவர் மேலாளர். கூப்பிய கைகள், ஒரு வரி இரங்கல். அதற்குச் சற்று மேலே, அவள் இனி வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி இல்லை என்று அவரே போட்ட அறிவிப்பும் கிடந்தது. எனக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

கழக்கூட்டம் அலுவலகத்தில் அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு அவள் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முதுகெலும்பில் புற்றுநோய் வந்து ஸ்ரீவராகத்து வீட்டில் கட்டிலோடு கிடந்தபோதும் அது குறையவில்லை. மடிக்கணினியை வயிற்றில் வைத்துக்கொண்டு நம் வேலையையும் சேர்த்துப் பார்த்தாள். "படுத்துண்டே சம்பளம் வாங்கறவ நான் ஒருத்திதான், கேட்டியா" என்பாள்.

வீட்டு ரௌட்டரில் இணையக் கம்பெனி கொடுத்த பழைய கடவுச்சொல் இருக்கக்கூடாது என்பது அலுவலக விதி. நியாயமான விதிதான். அவளும் மாற்றினாள், சேமித்தாயிற்று என்று திரையும் சொன்னது. மின்சாரம் போய் வந்ததும் பழைய கடவுச்சொல்லே வந்து உட்கார்ந்துகொண்டது. நம் ஊரில் தூறல் விழுந்தாலே மின்சாரம் போகும்.

கம்பெனிக்கு அவள் போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"சேச்சி, ரீசெட் பட்டன் அமர்த்தி நோக்கியோ?" அழுத்திப் பார்த்தாயிற்றா என்று மலையாளத்தில் கேட்டான் கம்பெனிக்காரன்.

"மோனே, ரீசெட் செய்தால் உள்ளதும் போவில்லே?" என்றவள், போனைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "சேமிக்க வழி கேட்டா அழிக்க வழி சொல்றான், பாருடீ."

கோளாறைக் கண்டுபிடித்ததும் அவள்தான். அவள் கட்டிலிலிருந்து சொல்லச் சொல்ல, நான் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு ரௌட்டரை அணைத்து மறுபடி போட்டேன். புதிய கடவுச்சொல் அப்படியே இருந்தது. கம்பியை மாட்டிப் போட்டதும் பழையது வந்துவிட்டது. அது உயிர்பெறும்போதெல்லாம் கம்பெனியே தன் பழைய கடவுச்சொல்லை அனுப்பி அவளுடையதை அழித்துக்கொண்டிருந்தது! வேறு ரௌட்டர் வாங்கி மாட்டவும் அவர்கள் விடவில்லை.

இதைத் தெளிவாக எழுதி கம்பெனிக்கும் அலுவலகத்துக்கும் அனுப்பினாள். சிரமத்துக்கு வருந்துவதாகக் கம்பெனி பதில் போட்டது. அலுவலகமோ விதியைக் காட்டி அனுமதியை ரத்து செய்து, கழக்கூட்டத்துக்கு வரச் சொன்னது. எழுந்து உட்காரவே முடியாதவளை! "வலியைக்கூடப் பொறுத்துக்கலாம்டீ, சும்மா கிடக்கறதுதான் முடியலை" என்றாள். அவளைக் கொன்றது நோய். கடைசியில் அவளுக்கு மிச்சமிருந்த வேலையைப் பிடுங்கியவர்கள் இவர்கள்.

இரங்கல் கூட்டத்தில் மேலாளர், "ஒரு டெக்னிக்கல் இஷ்யூவால் அவரால் தொடர முடியாமல் போனது, வருந்துகிறோம்" என்றார். நான் எழுந்துவிட்டேன். நம்மில் யார் தப்பு செய்துவிட்டு மன்னிப்புக் கேட்டாலும் விசாலம் ஏற்கமாட்டாள், நினைவிருக்கிறதா? "வருத்தமெல்லாம் வேண்டாம். என்ன பண்ணினேள்னு சொல்லுங்கோ" என்பாள். அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். அதையே அவரிடம் கேட்டேன். அவர் கூட்டத்தை முடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் அறைக்குப் போய் மறுபடியும் கேட்டேன்.