கடனே என்று போட்ட தையல்

முப்பதுகளின் தொடக்கம். ரங்கூன் அரிசி கப்பல் கப்பலாக வந்து இறங்கிய நாட்கள். ராயபுரத்தில் கடலை ஒட்டியிருந்த ஒரு கிடங்கில் நான் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் இரண்டு நடை போவதற்குள் நான் மூன்று நடை போய்வருவேன். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

ஒரு நாள் அடுக்கு சரிந்து ஏழெட்டு மூட்டைகள் என் இடுப்பில் விழுந்தன. அதன் பிறகு ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் சொப்பனம் மாதிரிதான் நினைவிருக்கிறது. கண்ணை மூடினால் கட்டில் தோணிபோல ஆடும். முதுகில் மூட்டை கனக்கும். அதை இறக்கி வைக்க இடம் தேடிக்கொண்டே தூங்குவேன். டாக்டர் சொன்னது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. இனி பாரம் தூக்கக் கூடாது, அதிக நேரம் நிற்கவும் கூடாது.

வீட்டில் மனைவியும் இரண்டு குழந்தைகளும். எனக்கு வேலை இல்லையென்றால் அடுப்பு எரியாது. கிடங்கு மேஸ்திரி நல்ல மனுஷர், எனக்கு ஏற்ற வேலையாகத் தேடினார். கேட்டில் காவலுக்குப் போட்டார், அரை நாளில் கால் மரத்துவிட்டது. தண்ணீர் கொடுக்கச் சொன்னார், குடத்தைத் தூக்க முடியவில்லை. கடைசியில், தூக்கும் கொக்கி பட்டுக் கிழிந்த மூட்டைகளைத் தைக்கும் பெண்களோடு உட்கார வைத்தார்.

"இதுவும் ஒத்துவரலன்னா என் கையில வேற வேலை இல்ல நைனா" என்றார்.

எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. மூட்டை தூக்கிய கையில் கோணி ஊசியா? கூரை ஓட்டை வழியாக இறங்கும் வெயிலில் அரிசித் தூசி மெல்ல மிதக்கும். வெளியே அலைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கை கடனே என்று தைக்கும், மனசு மட்டும் மூட்டையோடு வண்டிப் பலகை ஏறிக்கொண்டிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் தையலை ஓரக்கண்ணால் பார்ப்பாள். மறுபடி தன் ஊசிக்குத் திரும்பிவிடுவாள். சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகும் அவள் மட்டும் ஏதோ வேலையாக இருப்பாள். நாங்கள் தைத்த மூட்டைகள் மறுநாள் காலையில் வண்டி ஏறிவிடும்.

ஒரு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல், வேலைக்கு வரவில்லை. மறுநாள் காலையில் என் பழைய கூட்டாளி, நான் தைத்த மூட்டை ஒன்றை முதுகில் ஏற்றிக்கொண்டு வண்டிப் பலகையில் ஏறினான். பாதியில் தையல் விட்டது. கொட்டிய அரிசியில் கால் வழுக்கித் தலைகுப்புற விழுந்தான். ஓடிப் போய்த் தூக்கியதாகவே எனக்கு நினைப்பு. ஆனால் நான் எழுந்திருக்கக்கூட இல்லை. அரிசி மெதுவாகக் கொட்டிக்கொண்டே இருந்தது, அவன் அசையவில்லை. எவ்வளவு நேரமோ, தெரியாது.

அப்புறம் தலையில் ஒட்டிய அரிசியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். நல்லவேளை, கணுக்கால் பிசகியதோடு போயிற்று. நொண்டிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"இன்னா மாமு, உன் பக்கத்துல எனக்கும் ஒரு எடம் போட்டு வச்சிகினு கீறியா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை போனாலும் போகட்டும் என்று, தையல் என்னுடையதுதான் என மேஸ்திரியிடம் நானே சொன்னேன். அவர் நம்பவில்லை.

"ஒரு மாசமா உன் மூட்டை ஒண்ணுகூட பிரியலியேப்பா" என்றார்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் வந்ததும், அவள் வராத நாளில் மட்டும் என் தையல் பிரிந்தது எப்படி என்று கேட்டேன். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாள்.

"தெனம் சாயங்காலம் உன்னுதப் பிரிச்சி தச்சிட்டுத்தான் வூட்டுக்குப் போவேன் அண்ணாத்தே. சொன்னா ரோசப்பட்டு வேலைய வுட்டுடுவ. அப்பால புள்ளைங்க இன்னா துன்னும்?"

அன்றைக்குத்தான் அவளிடம் ஒழுங்காகத் தைக்கக் கற்றுக்கொண்டேன். சணலை இரட்டையாக்கி, நாலு தையலுக்கு ஒரு முடிச்சு. பல வருஷம் அந்த வேலையில்தான் என் குடும்பம் சாப்பிட்டது.

ஆஸ்பத்திரியில் வந்த அந்தச் சொப்பனம் இப்போதும் எப்போதாவது வரும். முதுகில் மூட்டை கனக்கும், ஆனால் இறக்கி வைக்க இடம் தேடுவதில்லை. அது பிரியாது என்று தெரியும், யார் தைத்தது என்பதும் தெரியும்.