நண்டு சட்டத்தில் வராது

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருந்தேன். பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய மாடுகளை, கால் மாற்றி நிற்கக்கூட இடமில்லாமல் ஒரே லாரியில் திணித்துக் கொண்டுபோன வழக்கு ஒன்று வந்தது. மாடுகளின் பக்கம் வாதாடி வென்றேன். அந்த வாரமே நெஞ்சுச் சளி பிடித்துக்கொண்டது.

எங்கள் வீட்டில் சளிக்கு வயல் நண்டு ரசம்தான். நண்டை உயிரோடு உரலில் இடித்துச் சாறு பிழிய வேண்டும். செத்த நண்டில் மருந்து இல்லை என்பார்கள். ஆனைமலையிலிருந்து ஈரச் சாக்கில் நண்டுகள் வந்தன. சமையலுக்கு வரும் அம்மாள் ஒன்றை எடுத்து உரலில் போட்டார். அது விளிம்பைப் பற்றிக்கொண்டு மேலே ஏறியது. அவர் உலக்கையைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏனுங்க வக்கீலய்யா, மாட்டுக்கெல்லாம் கோர்ட்டுல பேசறீங்க. இதுக்கு ஆருங்க பேசறது?”

“அதுதான் நீ பேசறியே அம்மணி.”

“வெளையாடாதீங்க. ஐஸ் பெட்டியில கொஞ்ச நேரம் வெச்சா மரத்துப்போயிருமுங்க. அப்புறம் இடிச்சுப்போடறேன்.”

எனக்குப் பொறுமை இல்லை. மருந்தின் வீரியம் போய்விடுமோ என்ற பயமும் இருந்தது.

“நண்டெல்லாம் சட்டத்துல வராது. இடி” என்றேன்.

அது பொய். மனிதனைத் தவிர எல்லா உயிர்களையும் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் தன்னுள் அடக்குகிறது. உணவுக்காகக் கொல்லலாம், தேவையில்லாமல் வதைக்கக் கூடாது. மூன்று நாள் முன்புதான் அந்தப் பிரிவை நீதிபதி முன் வாசித்திருந்தேன்.

“சட்டமே அப்படீன்னா சரிங்க” என்று அவர் இடித்தார். நான் இரண்டு டம்ளர் குடித்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க வாரம் ஒருமுறையாவது குடித்தேன்.

ஒருநாள், நண்டை இடிக்கத் தயங்கிய பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அவர் தைரியம் சொல்வது காதில் விழுந்தது. “ஒண்ணும் பாவமில்ல கண்ணு. சட்டத்துலயே அதுக்கு எடமில்லையாமா. எங்க அய்யாவே சொன்னாங்க.”

அன்று சாயங்காலம் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அப்போ இத்தன நாளா நான் இடிச்சதெல்லாம்?”

“பாவம் என்னுது அம்மணி.”

“இடிச்ச கை என்னுதுங்களே” என்றார்.

அதன்பின் அவர் எங்கள் வீட்டில் நண்டைத் தொடவில்லை. என் மனைவி காரணம் கேட்டபோது, தோள் வலி, உலக்கை தூக்க முடியவில்லை என்றார். நான் அருகில்தான் இருந்தேன். அதையும் அப்படியே விட்டுவிட்டேன்.