நெத்திக்கு ஒரு களிம்பு

பிற்பகல் மூன்று இருபதுக்குப் பள்ளிக்கூட வான் வந்து நின்றது. அன்று எனக்கு அரைநாள் லீவு. மகள் இறங்கும்போது புத்தகப் பையின் வார் முழங்கை மடிப்பில் உரசியது, அவ்வளவுதான். அந்த இடத்துத் தோல் வெங்காயச் சருகுபோல உரிந்து வந்தது. அவள் அழவில்லை.

"அம்மா, இது ஆறின இடமெல்லே?"

ஆறிய இடம்தான். எக்சிமாவால் வருடக்கணக்காகச் சொறிந்து புண்ணான கை, கொஞ்ச நாளாகத்தான் மினுமினுத்திருந்தது. "இனி இவளைச் சோப்பு விளம்பரத்துக்கு அனுப்பலாம்" என்று என் தங்கை பகிடி விட்டிருந்தாள்.

ஸ்டீரொயிட்டை நெடுநாள் பூசினால் தோல் மெலிந்துவிடும் என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து, அது இல்லாத களிம்புகளைத் தேடி அலைந்தேன். பரஃபின் களிம்பு வெள்ளவத்தைப் புழுக்கத்தில் வியர்வையை அடைத்து இன்னும் சொறிய வைத்தது. யூரியா சேர்ந்தது வெடிப்பில் பட்டதும் எரிந்தது. ஓட்ஸ் கலந்தது சுகமாக இருந்தது, மத்தியானத்துக்குள் காய்ந்துபோனது. கடைசியில் டொக்டர் எழுதித் தந்த ஒன்று ஒத்துக்கொண்டது. தினமும் உடம்பெங்கும் அதுதான். கூடவே தந்த ஸ்டீரொயிட், மோசமாகும் நாட்களுக்கு மட்டும்.

பாமசியில் நான் சிங்களத்தில்தான் கேட்பேன்: "ஸ்டீரொயிட் நெத்தி எக்கக்." சிங்களத்தில் நெத்தி என்றால் 'இல்லாத', எக்கக் என்றால் 'ஒன்று'. பிறகு மருந்து வாங்குவதும் பூசுவதும் தங்கையின் பொறுப்பாயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவளுக்குச் சிங்களம் இன்னும் பிடிபடவில்லை.

வேலை முடிந்து வந்தால் மகளின் நெற்றி மட்டும் பளபளக்கும். வியர்வை என்று நினைத்தேன்.

தோல் உரிந்த அன்று மாலையே, பொரளையில் டொக்டர் அவள் கையை வெளிச்சத்தில் பிடித்தார். தோலுக்கடியில் நீல நரம்புகள் தெரிந்தன; மடிப்பில் சிவந்த கோடுகள் ஓடியிருந்தன.

"என்ன பூசினீங்கள்?"

"ஸ்டீரொயிட் இல்லாததுதான், டொக்டர்."

"இது ஸ்டீரொயிட் செய்த வேலை."

"தோல் பழையபடி வருமா?"

"கொஞ்சம் தேறும். இந்தக் கோடுகள் மாறுமெண்டு சொல்லேலாது."

பூசிய மருந்தைக் கொண்டுவரச் சொன்னார். தங்கைக்குப் போன் எடுத்தேன். ஓட்டோவில் வந்திறங்கியவள் இரண்டு டியூப்களையும் மேசையில் வைத்தாள். ஸ்டீரொயிட் டியூப் தட்டையாக நசிந்திருந்தது. மற்றது கொழுத்துக் கிடந்தது.

"இதை ஏனடி பூசேல்ல?"

"பூசினனான் அக்கா. கடைக்காரன் இதைக் காட்டி 'நெத்தி, நெத்தி' எண்டு ரெண்டு தரம் சொன்னவன். மற்றதைக் கை காலெல்லாம் போட்டுட்டு, இதை நெத்தியிலதான் ஒவ்வொரு நாளும் பூசிவிட்டனான்."