பந்தல் காலும் புது மசோதாவும்

ஆடித் திருவிழாவுக்குப் பந்தல் கால் நட, திருவொற்றியூரில் எங்கள் தெருவை என் மகன் கடப்பாரையால் குத்தினான். அடியில் போன இன்டர்நெட் கேபிள் அறுந்துவிட்டது. மணலியில் அவனுக்கு வேலை கிடைத்து, நன்னடத்தைக்கான போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி இருந்த நேரம் அது.

சரிசெய்ய வந்தவர் ஒல்லியானவர், தாடியெல்லாம் மண். குழிக்குள் உட்கார்ந்து இழைகளை ஒட்டியவர், நடுநடுவே போனை எடுத்துப் படித்தார்.

"இன்னாம்மா பாக்குற? நாடாளுமன்றத்துல புது மசோதா வந்துகீது. சைபர் பாதுகாப்பு, டவரு, கேபிளு, அல்லாம் இதுல கீது. கேபிள அறுத்தா ஜெயிலு."

நான் குழியருகே குனிந்தேன். "என் புள்ளதாங்க. தெரியாம குத்திட்டான்."

"பேஜாராவாத. தாக்கல்தான் பண்ணிகீறாங்க, இன்னும் பாஸாவல."

"ஆபீஸ்ல என்ன சொல்லுவீங்க?"

"பெருச்சாளி கட்ச்சிடுச்சின்னுதான். போன ஆடிக்கு எங்க தெருவுலயும் அதான் கட்ச்சிது." குரலைத் தாழ்த்தினார். "அங்க கேபிள் போட்டவனும் நான்தான், பந்தல் கால் நட்டவனும் நான்தான். அதுலேர்ந்து ஒரு மசோதாவ வுடறதில்ல. பெருச்சாளிக்கு எதுனா தண்டன போட்டுட்டானான்னு பாத்துகினே கீறேன்."

விசாரணை முடிந்து, மகன் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான். ஆனால் நாடாளுமன்றம் கூடினாலே நான் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன். அந்த மனிதர் இப்போது எந்தக் குழிக்குள் உட்கார்ந்து எந்தப் பிரிவைப் படித்துக்கொண்டிருக்கிறாரோ!