மழை பெய்தால் யார் முகம் மலரும்?

வாத்தியார் வேலை என்பது, தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை வறண்டு, கடைசியில் அது நமக்கே சந்தேகமாகிவிடும் வேலை. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் நம்பிக்கொள்ளுங்கள்.

நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்தது. தோட்டத்தில் பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்த காலம். கோப்பெங் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துத் துரையும் வேண்டா வெறுப்பாக ஒரு தகரக் கொட்டகையைக் கொடுத்தார். கொடுத்த நாளிலிருந்தே அவருக்கு அதன் மேல் கண். ரப்பர் ஷீட்டுகளை அடுக்க இடமில்லையாம். இந்த முறை ஈப்போவிலிருந்து வரும் இன்ஸ்பெக்டர் நல்ல வார்த்தை சொல்லாவிட்டால் கொட்டகை ஸ்டோருக்குப் போய்விடும், பிள்ளைகள் வெளிக்காட்டில் புல் பிடுங்கப் போய்விடுவார்கள் என்று கணக்கெழுதும் கிராணி மூலம் சொல்லியனுப்பினார்.

இன்ஸ்பெக்டரோ வாசிப்பும் பொருளும் கேட்கிறவர். முதன்மைப் பாத்திரம், உவமை, சுருக்கம், மனநிலை, உய்த்துணர்தல் என்று ஒவ்வொன்றாகப் பிடிப்பார் என்று கேள்வி. ஆகவே நான்காம் வகுப்பை உட்கார வைத்து, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

முதன்மைப் பாத்திரம்

காலையில் தாய் தகப்பனோடு மரங்களுக்குப் போய், பால் பிடிக்கும் மங்கு துடைத்து, பட்டையில் காய்ந்த ஒட்டுப்பால் பொறுக்கிவிட்டு, மத்தியானத்துக்கு மேல்தான் என் பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள். தகரக் கூரைக்குக் கீழே பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். நான் வாயைத் திறந்துகொண்டே தூங்குவேன்.

ஒரு குயவன் பானைகளைக் கழுதை மேல் ஏற்றிச் சந்தைக்குப் போகிறான், வழியில் கழுதை படுத்துக்கொள்கிறது. இதுதான் பாடம். இந்தக் கதையில் முதன்மைப் பாத்திரம் யார் என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் 'கங்காணி' என்றது. கதையில் வேலை வாங்கும் கங்காணியே இல்லை. குயவன் தன் பாட்டுக்குக் காலையில் எழுந்து தானே வேலைக்குப் போனான் என்று பொறுமையாக விளக்கினேன். ஒருவரும் நம்பவில்லை. விடிவதற்கு முன் களத்தில் வரிசையாக நிற்க வைத்துப் பெயர் கூப்பிடும் பெரட்டு இல்லாமல், ஓர் ஆள் வேலைக்குப் போவதை அவர்கள் கண்டதே கிடையாது. முன் பெஞ்சுப் பையன் ஒருவன் என் மேல் இரக்கப்பட்டுக் கேட்டான்:

"அப்ப பெரட்டுல அவன் பேரை யாருங்கய்யா கூப்புட்டது?"

உவமை

உவமைக்கு எங்கள் பாடப் புத்தகத்தில் பஞ்சமில்லை. மதராஸில் அச்சானது. பெண்ணின் முகம் நிலவு, பல் முத்து, மேனி பொன், நடை அன்னம். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லப் பிள்ளைகளும் சொன்னார்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, நீங்களே ஆளுக்கொரு உவமை சொல்லுங்கள் என்றேன்.

துரை வீட்டுப் பீங்கான் போன்ற பல், துரை வீட்டு விளக்குப் போன்ற கண், துரை வீட்டு மெத்தை போன்ற கன்னம் என்று வந்துகொண்டே இருந்தது. துரை பங்களாவில் இருந்த சாமான் அத்தனையும் என் கரும்பலகைக்கு வந்து சேர்ந்தது. ஏன் எல்லோரும் அந்த வீட்டையே பிடித்துக்கொண்டீர்கள், நம் லயத்து வீடுகளில் ஒன்றுமே கிடையாதா என்று சலித்துக்கொண்டேன். புத்தகத்தைப் படித்துத் தாங்கள் கண்டுபிடித்த விதியைத் தயங்காமல் எடுத்துச் சொன்னார்கள். திருத்தத் தெம்பு இல்லை. யோசித்துப் பார்த்தால் திருத்துவதற்கும் அதிகம் இல்லை.

"நம்ம லயத்துல இல்லாத சாமானாப் பாத்துச் சொன்னா, அது உவமைங்கய்யா."

சுருக்கம்

செல்லாயி என்று ஒரு பெண். பதினொரு வயது இருக்கும். ஒரு பாடத்தை ஒருமுறை வாசித்தால் போதும், அதற்குள் என்ன இருக்கிறது என்று பிடித்துவிடுவாள். நான் அந்தக் கொட்டகையில் தொண்டையைக் கொடுத்ததற்கு ஏதாவது அர்த்தம் இருந்தது என்றால் அது அவள்தான். இதை இப்போது வெட்கப்படாமல் சொல்லிக்கொள்கிறேன்.

அவளுடைய தகப்பனார் வீரன் ஒருநாள் வாசலில் வந்து நின்றார். மகளை வெளிக்காட்டுக்கு அனுப்பலாம் என்று இருப்பதாகவும், வீட்டில் வரும்படி போதவில்லை என்றும் சொன்னார். நான் கல்வியின் பெருமையிலிருந்து ஆரம்பித்தேன். பெண்ணின் அறிவு, பள்ளியின் நிலைமை, இன்ஸ்பெக்டரின் வருகை என்று பேசிக்கொண்டே போனேன். வீரன் மரியாதையாகக் கேட்டார், ஆனால் ஒரு வார்த்தையும் உள்ளே போகவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான் அசந்துபோய் செல்லாயியைக் கூப்பிட்டு, நான் இதுவரை சொன்னதை அப்பாவுக்குச் சுருக்கிச் சொல் என்றேன். அவள் சொன்னதைக் கேட்டு வீரன் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் வந்து போகும்வரை விட்டுவைப்பதாகவும் ஒப்புக்கொண்டார். அந்தச் சுருக்கத்தில் நான் ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை:

"நான் பள்ளிக்கோடம் வந்தா வாத்தியாருக்கு நல்லதாம்ப்பா. வெளிக்காட்டுக்குப் போனா நமக்கு நல்லதுன்னு அவருக்கும் தெரியுதாம். இனிஸ்பெட்டர் வர்ற வரைக்கும் பொறுங்கன்னு கெஞ்சுறாரு."

மனநிலை

வானம் இருண்டது, மழை கொட்டியது, உழவன் வெளியே ஓடிவந்து வானத்தைப் பார்த்தான். பாடம் அவ்வளவுதான். உழவனின் மனநிலை என்ன என்று கேட்டேன். துக்கம் என்றார்கள். சிலர் பாவம் என்று உச்சுக்கொட்டவும் செய்தார்கள்.

எங்கள் பக்கத்தில் மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. வெட்டாவிட்டால் அன்றைய கூலி கிடையாது. மழையைப் பார்த்து எந்தப் பெரியவரும் சிரித்ததை அந்தப் பிள்ளைகள் கண்டதில்லை. எனக்கு மட்டும் மழை வேறு. வேலை இல்லாத நாளில்தான் எல்லாப் பிள்ளைகளும் காலையிலேயே, தூக்கம் கலைந்த முகத்தோடு பள்ளிக்கு வருவார்கள். பெஞ்சு நிறைந்திருப்பதைப் பார்த்தால் களைப்பு கொஞ்சம் விலகும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உழவன் என்றால் மழைக்கு மகிழ்ச்சி, அப்படியே மனப்பாடம் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னேன். செல்லாயி கையைத் தூக்கினாள்.

"அந்த ஒழவனுக்கு மழை நாளுக்கும் சம்பளம் உண்டுங்களாய்யா?"

உய்த்துணர்தல்

இன்ஸ்பெக்டர் வந்த அன்று விடியற்காலையிலிருந்தே மழை. பெஞ்சில் இடமில்லாமல் தரையிலும் பிள்ளைகள். இன்ஸ்பெக்டர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தமிழர், மெதுவாகப் பேசுகிறவர். துரை கதவோரம் நின்று, ஷீட்டுகளை எங்கே அடுக்கலாம் என்று கூரையையும் சுவரையும் அளந்துகொண்டிருந்தார். உழவனின் மனநிலையைக் கேட்டதும் வகுப்பே 'மகிழ்ச்சி' என்று கத்தியது. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்த பார்வையில், இந்தக் கத்தலைப் பல தோட்டங்களில் கேட்டவர் என்பது தெரிந்தது. புத்தகத்தை மூடிவிட்டு, உய்த்துணர்தல் என்றால் என்ன, புத்தகத்தில் இல்லாத உதாரணம் ஒன்று சொல்லுங்கள் என்றார். துரைக்கு நம்பிக்கை வந்துவிட்டது. எனக்குப் போய்விட்டது.

செல்லாயி எழுந்தாள். சொல்லாமல் விட்டதைச் சொன்னதை வைத்துக் கண்டுபிடிப்பது என்றாள். பிறகு வெளியே மழையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மழை பெய்தால் அப்பா முகமும் அம்மா முகமும் வாடிவிடும், வாத்தியார் முகம் மட்டும் மலரும், அதிலிருந்து அவருக்கு மழை நாளிலும் சம்பளம் உண்டு என்று கண்டுபிடித்தேன் என்றாள். பின்னால் நின்ற கிராணி இருமலை அடக்கிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, விடை சரிதானா என்று கேட்டார்.

தப்பு என்று சொல்ல நாக்கு துடித்தது. என் முகம் மலர்ந்தது பெஞ்சு நிறைந்ததற்காக. ஆனால் தப்பு என்று சொன்னால் கொட்டகை ஸ்டோருக்குப் போகும், அவள் வெளிக்காட்டுக்குப் போவாள். சரிதான் ஐயா என்றேன். பட்டணத்துப் பள்ளிகளில்கூட இப்படி ஒரு விடை கிடைக்கவில்லை என்று இன்ஸ்பெக்டர் துரையிடம் இங்கிலீஷில் சொன்னார். துரை மழையில் நனைந்துகொண்டே பங்களாவுக்குப் போனார். வீரனும் அடுத்த இன்ஸ்பெக்டர் வரும்வரை என்று தவணையை நீட்டினார்.

மறுநாள் செல்லாயியைத் தனியாகக் கூப்பிட்டேன். நீங்கள் எல்லோரும் வருகிறீர்களே என்றுதான் எனக்குச் சந்தோஷம், சம்பளத்துக்காக இல்லை அம்மா என்றேன். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். நம்பவும் செய்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

"சரிங்கய்யா. ஆனா மழையில ஒங்களுக்குச் சம்பளம் உண்டுதானே?"

பிறகு எத்தனையோ வருஷம் பிள்ளைகளுக்கு உய்த்துணர்தல் சொல்லிக்கொடுத்துவிட்டேன், மழை வந்தால் என் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.